கடல் கொண்ட புகாரும் காதில் விழுந்த செய்தியும்

இழந்த பெருமையை எண்ணி ஏங்குதல் அற்புதக் கதைகளுக்கு இயல்பு. ஆங்கிலேய ஆசிரியர் டோல்கீன் 1954, 1955ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ‘மோதிரங்களின் அதிபதி’ இவ்வேக்கம் நிரம்பிய நூல். மூப்பறியா ஓர் இனத்தார் தம் காலம் முடிந்ததென்று கலமேறி மேற்றிசை செல்கின்றனர். அதனை எழுதியவர் 1916இல் சோம் போர்க்களத்தில் நின்றவர். 1918ஆம் ஆண்டு முடிவதற்குள் உற்ற நண்பருள் ஒருவரொழிய ஏனையோரை இழந்தவர்.

நம் தமிழில் இவ்வுணர்வை எங்கே காண்பது? இறையனார் களவியலுரை கூறும் முச்சங்க வரலாற்றைப் பலரும் காட்டுவர். 4440, 3700, 1850 என ஆண்டுகள், இடையே கடல்கோள்கள். பெருமிதம் பிறக்கிறது, நெஞ்சு உருகுவதில்லை. மாணாக்கர் இவ்வெண்களை மனனஞ் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகின்றனர். அவர்களை யான் குறை கூறேன்.

மணிமேகலை சொல்வது வேறு. நாகநாட்டு இளவரசி பீலிவளை தன் மகனை மணிபல்லவத்தில் கம்பளச் செட்டியிடம் ஒப்படைக்கிறாள். அன்றிரவே மரக்கலம் உடைகிறது. மகனைத் தேடி அலமந்த சோழன் இந்திர விழாவை மறக்கிறான். மணிமேகலா தெய்வத்தின் சாபத்தால் கடல் புகாரை விழுங்குகிறது. பகைவர் படையெடுக்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தந்தையின் மறதி ஒரு மாநகரையே கொண்டுபோயிற்று. அரசன் தன்னந்தனியனாய்ப் போகிறான்.

சாத்தனார் அவ்வழிவை நம் கண்முன் நடத்திக் காட்டவில்லை என்பதே ஈண்டுக் கருதத்தக்கது. மணிமேகலை அப்போது ஊரில் இல்லை. நயினாதீவே என்று பலர் கொள்ளும் மணிபல்லவத்தில், தீவதிலகை சொல்லக் கேட்கிறாள். பிறந்த ஊர் இல்லையென்பது அவளுக்கு ஒரு செய்தியாகவே வந்து சேர்கிறது.

வன்னியில் இப்பகுதியைக் கற்பிப்பது எளிதன்று. புகார் எம் பிள்ளைகளுக்கு அயலூருமன்று. அங்கே பிறந்த கண்ணகிதான் நந்திக்கடலோரத்து வற்றாப்பளையில் கோயில் கொண்டிருக்கிறாள். மதுரையை எரித்தபின் ஈழம் வந்து தங்கிய பத்தாவது இடம் அதுவென்பர். வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிகிறது. அக்கடற்கரையில்தான் 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. அந்நாள்களில் கனடாவிலும் இலண்டனிலும் இருந்த எம்மவர் தொலைபேசியருகே காத்திருந்தனர். அவர்களுக்கும் ஊர் செய்தியாகவே வந்தது.

உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: “சேர், அவளின்ர அம்மா ஆக்கள் தப்பினவையோ?” நகரின் மாடங்களைப் பற்றி அவள் கேட்கவில்லை. காவியமும் அதற்கே முதலில் விடை கூறுகிறது. சாபத்தைச் சொன்ன அதே வாயால், அறவண அடிகளும் தாயரும் வருந்தாது வஞ்சி சேர்ந்தனர் என்கிறாள் தீவதிலகை. உரையாசிரியர்கள் இவ்விடத்தில் இன்னுஞ் சற்று நின்றிருக்கலாம்.

மணிமேகலை அழிந்த ஊரைக் காணத் திரும்பவில்லை. வஞ்சிக்குப் போய், பின்னர்ப் பஞ்சம் வாட்டிய காஞ்சிக்கு அமுதசுரபியோடு செல்கிறாள். மணிபல்லவத்துக் கோமுகியைப் போன்ற பொய்கையும் பொழிலும் இளங்கிள்ளி அங்கே அமைத்திருக்கிறான். புகாரைப் போன்றதொரு நகரை அக்காவியத்தில் ஒருவரும் அமைக்கவில்லை.