ஆயா பாட்டும் அறுபது பாட்டும்

பரண் சுத்தம் பண்ணினால் என்ன கிடைக்கும்? பல்லி முட்டை, பழைய குக்கர் கேஸ்கட், அட்டை கிழிந்த கோனார் நோட்ஸ்... போகிக்கு முந்தின நாள் பாரிவாக்கத்தில் பெரியம்மா வீட்டுப் பரணில் எனக்குக் கிடைத்தது ஒரு எம்பி3 பிளேயர்! தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளம். சில்வர் கலர் பாதி உரிந்துபோய், கழுத்தில் மாட்ட ஒரு கறுப்புக் கயிறு, அதிலேயே முடிச்சு முடிச்சாக இயர்போன்.

"தூக்கிப் போடு பாப்பா. ரெண்டாயிரத்து ஆறுல உங்க அண்ணன் வாங்கினது. அந்தக் கருமத்தைக் காதுல மாட்டிக்கிட்டுதான் ரெண்டு அரியர் வெச்சான்" என்றார் பெரியம்மா.

சரி, போகிக்குப் போடுவதற்கு முன்னால் சும்மா கலாய்க்கலாமே என்று ஒரு போட்டோ எடுத்து துபாயில் இருக்கும் அண்ணனுக்கு அனுப்பினேன். அடுத்த நிமிஷம் கால் வந்தது. "பாப்பா, அதை எரிச்சிடாத. அதுல ஆயா பாட்டு இருக்கு!"

ஆயா போய்ச் சேர்ந்தது 2011-ல். நடவுப் பாட்டு பாடுவதில் ஆயாவை அடிக்க ஆள் கிடையாது என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். நான் கேட்ட ஞாபகம் இல்லை. அந்தப் பாட்டு இந்தத் தீப்பெட்டிக்குள் இருக்கிறதா? அன்று ஆரம்பித்ததுதான் ஃப்ரெண்ட்ஸ், அடுத்த மூன்று வாரம் என் செமஸ்டர் படிப்பு அம்போ!

அண்ணன் காலேஜ் படித்த காலத்தை நம் செட்டுக்குக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பூந்தமல்லி - ஆவடி ரோட்டில் பஸ் பிடித்து, பூந்தமல்லியில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். கையில் இருந்த ஃபோனில் பாம்பு கேம் மட்டும்தான். கேசட் வாக்மேன் ஔட் ஆஃப் ஃபேஷன். சிடி பிளேயரை எடுத்துப் போனால் ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் பாட்டு குதிக்கும். ஐபாட்? அது பணக்கார வீட்டுப் பிள்ளைகள் சமாச்சாரம். 2001 அக்டோபர் 23-ல் ஆப்பிள் முதல் ஐபாடை அறிமுகம் செய்தபோது விலை 399 டாலர். 5 ஜிபி, பாக்கெட்டில் ஆயிரம் பாட்டு என்று விளம்பரம்.

உலகத்தின் முதல் எம்பி3 பிளேயர் ஐபாட்தான் என்று நினைத்தால் தப்பு பாஸ். 1998-லேயே கொரியாவின் சேஹான் கம்பெனி 'எம்பிமேன்' என்று ஒன்றை விற்றது. மொத்த மெமரியே 32 எம்பி. அதே வருஷம் அமெரிக்காவில் டைமண்ட் கம்பெனியின் 'ரியோ' வந்தபோது, பாட்டுக் கம்பெனிகள் சங்கம் கோர்ட்டுக்கே போய்விட்டது. 1999 ஜூனில் அப்பீல் கோர்ட் ரியோ பக்கம் தீர்ப்பு சொன்னது. தன்னிடம் இருக்கும் பாட்டை ஒருத்தர் இன்னொரு கருவிக்கு மாற்றிக் கேட்பது சொந்த உபயோகம்தான் என்று அதில் சொன்னார்கள்.

நம்மூரில் இதெல்லாம் வந்து இறங்கிய இடம் ரிச்சி ஸ்ட்ரீட்டும் பர்மா பஜாரும். அண்ணன் மவுண்ட் ரோடில் இறங்கி, ரிச்சி ஸ்ட்ரீட்டில் பேரம் பேசி 1,100 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார். ஒரே ஒரு சின்ன பென்சில் பேட்டரி. ஏழு கலரில் மாறும் லைட். நேச்சுரல், ராக், பாப், கிளாசிக், சாஃப்ட், ஜாஸ், டிபிபி என்று ஈக்வலைசர். எஃப்எம் உண்டு, வாய்ஸ் ரெக்கார்டிங் உண்டு. கம்பெனி பெயர்தான் எங்கேயும் கிடையாது! உள்ளே இருந்த சிப் சீனாவின் ஜூஹாய் நகரத்து ஆக்‌ஷன்ஸ் செமிகண்டக்டருடையது. அந்த சிப்பை வைத்து யார் யாரோ, எந்தெந்த டப்பாவிலோ போட்டு உலகம் பூராவும் விற்றார்கள்.

பாட்டு எங்கிருந்து? நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்... பிரவுசிங் சென்டரிலும், ஒரு சிடியில் நூற்றைம்பது பாட்டு ஏற்றித் தரும் கடைகளிலும்தான். 'வேட்டையாடு விளையாடு' ஹாரிஸ், 'பட்டியல்' யுவன், 'சில்லுனு ஒரு காதல்' ரஹ்மான்... எதற்கும் அவர்களுக்கு ஒரு பைசா போயிருக்காது. காசு கொடுத்துச் சட்டப்படி டவுன்லோடு பண்ணலாம் என்று ஐடியூன்ஸ் கடை இந்தியாவுக்கு வந்ததே 2012 டிசம்பரில்தான். அதற்காக அண்ணன் செட் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. அவர்களும் சொல்வதில்லை.

இதில் ஒரு மோசடி வேறு. கடையில் சொன்னது 1 ஜிபி. கம்ப்யூட்டரில் போட்டாலும் 1 ஜிபி என்றுதான் காட்டும். உண்மையில் உள்ளே இருந்தது 256 எம்பி! 'எனக்கு இவ்வளவு இடம் இருக்கு' என்று சிப் சொல்வதைக் கம்ப்யூட்டர் அப்படியே நம்பிவிடும். சாஃப்ட்வேரைக் கொஞ்சம் திருத்தி அந்தப் பொய்யைச் சொல்ல வைத்துவிட்டார்கள். நிஜ இடம் தீர்ந்த பிறகு ஏற்றும் பாட்டு ஏறின மாதிரி நடிக்கும், அல்லது ஏற்கெனவே இருப்பதன் தலைமேல் போய் உட்காரும். இரண்டு தடவை எல்லாப் பாட்டும் நாசமான பிறகு அண்ணன் கண்டுபிடித்த கணக்கு: அறுபது பாட்டு. அறுபத்தொன்றாவது பாட்டு ஏற்றினால் சங்குதான்.

கணக்கு சரியா என்று நானும் போட்டுப் பார்த்தேன். 128 கேபிபிஎஸ் பாட்டு ஒரு நிமிஷத்துக்குக் கிட்டத்தட்ட 1 எம்பி. நாலு நிமிஷப் பாட்டு நாலு எம்பி. அறுபது பாட்டுக்கு 240. கரெக்ட்!

இந்த 128 என்பதே ஒரு மேஜிக். சிடியில் இருக்கும் ஒலி நொடிக்கு 1,411 கிலோபிட். எம்பி3 அதைப் பதினொன்றில் ஒரு பங்காகச் சுருக்குகிறது. எப்படி? பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் ஏர் ஹார்ன் அடிக்கும்போது பக்கத்தில் நிற்கிறவன் முணுமுணுப்பது காதில் விழுமா? விழாது. பெரிய சத்தம் சின்னச் சத்தத்தை மறைக்கும். காதுக்குத் தெரியாததை எதற்குச் சேமிக்க வேண்டும் என்று தூக்கி எறிவதுதான் எம்பி3. ஜெர்மனியில் இதற்காக உழைத்தவர்களில் முக்கியமானவரான கார்ல்ஹெய்ன்ஸ் பிராண்டன்பர்க், சூசன் வேகாவின் 'டாம்ஸ் டைனர்' பாட்டை வைத்துத் திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்தார். காரணம், அதில் வாத்தியமே கிடையாது, ஒரு பெண் குரல் மட்டும். பின்னால் தபலாவோ கிடாரோ இருந்தால் தப்பை மறைத்துவிடலாம். தனிக் குரலில் மறைக்க முடியாது.

ஆயா பாட்டிலும் தபலா, கிடார் கிடையாது. அதை இப்போதைக்கு ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிளேயரைத் திறந்தால் பேட்டரி உள்ளேயே ஒழுகி, பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்தது. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு, எமரி பேப்பர், பழைய டூத் பிரஷ்... ஒரு சாயங்காலம் போனது. ஸ்பிரிங் கையோடு வந்துவிட்டது. லேப் அண்ணாவிடம் கெஞ்சி சால்டரிங் அயர்ன் வாங்கி வேறு ஒன்றைப் பற்றவைத்தேன். கேபிள்? அந்தக் காலத்து மினி யுஎஸ்பி. வீட்டில் இருக்கும் எந்த சார்ஜரும் சேராது. ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கே போனேன். நாலாவது கடையில் ஒரு பெரியவர் ஸ்டூல் போட்டு ஏறி, மேல் ரேக்கில் இருந்து ஒரு கட்டை எடுத்து உதறினார். "இதையெல்லாம் இன்னும் தேடுறீங்களாம்மா?" என்று சிரித்துக்கொண்டே நாற்பது ரூபாய் வாங்கிக்கொண்டார்.

லேப்டாப்பில் சொருகினேன். 'டிஸ்கை ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்த முடியும், செய்யவா?' என்று கேட்டது. பழக்கதோஷத்தில் 'யெஸ்' மேல் அம்புக்குறி போய்விட்டது. விரல் நடுங்கிவிட்டது, நிஜமாகச் சொல்கிறேன். அதை அழுத்தியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

ஏன் அப்படிக் கேட்டது? ஃப்ளாஷ் மெமரி என்பது எலெக்ட்ரான்களை ஒரு சின்னச் சிறையில் அடைத்து வைப்பது. கதவு சாத்தித்தான் இருக்கும். ஆனாலும் வருஷக்கணக்கில் ஒன்று, இரண்டு என்று நழுவிக்கொண்டே இருக்கும். டேட்டா ஷீட்டில் பொதுவாகப் பத்து வருஷம் என்று போட்டிருப்பார்கள். அண்ணன் வேறு ஃபோன் வாங்கி இதைப் பரணில் போட்டது 2010-ல். இதுவே ஐந்து வருஷம் போனஸ். எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று சொல்லும் பக்கமே கொஞ்சம் அரித்துப்போயிருந்தது.

இந்த மாதிரி நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான். உங்கள் வீட்டுப் பழைய பென் டிரைவுக்கும் மெமரி கார்டுக்கும் இதே வைத்தியம். எதையும் ஃபார்மேட் செய்யாதீர்கள், அதன்மேல் எதையும் எழுதாதீர்கள், முதலில் முழுசாக ஒரு ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். லினக்ஸில் 'டிடி' என்ற கமாண்ட் அதைச் செய்யும். முதல் பைட்டில் ஆரம்பித்துக் கடைசி பைட் வரை அப்படியே ஒரே ஃபைலாகக் காப்பி. அப்புறம் நோண்டுவதெல்லாம் அந்தக் காப்பியில்தான். நம் லேபில் முதல் வருஷமே சொல்லித் தந்தார்கள். அன்று நான் கடைசி பெஞ்சில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது வேறு கதை.

காப்பியைத் தோண்டியதில் ஐம்பத்தேழு பாட்டு உயிரோடு கிடைத்தது. தனியாக ஐந்து ஃபைல், 'ஏசிடி' என்று முடிகிற பெயரில். ஃபோனில் திறக்கவில்லை. லேப்டாப்பில் திறக்கவில்லை. போச்சுடா என்று உட்கார்ந்துவிட்டேன்.

தேடிப் பார்த்ததில் விஷயம் புரிந்தது. இந்தச் சீன பிளேயர்கள் பேச்சைப் பதிவு செய்ய வைத்திருந்த தனி ஃபார்மேட் இது. உள்ளே இருப்பது ஜி.729 என்ற டெலிபோன் காலத்துச் சுருக்கம். ஏறக்குறைய 8 கேபிபிஎஸ். அதாவது ஒரு நிமிஷ சினிமாப் பாட்டுக்கான இடத்தில் பதினாறு நிமிஷப் பேச்சை அமுக்கி வைக்கலாம். பிளேயர்கள் ஒழிந்தன, அவற்றோடு வந்த சிடிக்களும் எப்போதோ தொலைந்தன. ஆனால் எங்கேயோ இருக்கும் யாரோ சில புண்ணியவான்கள், எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச சாஃப்ட்வேருக்குள் இந்த ஃபார்மேட்டையும் படிக்கும் வித்தையைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஒரே வரி கமாண்ட். எண்டர் தட்டினேன்.

முதல் ஃபைல் ஏதோ ஒரு சாரின் எம்-3 கிளாஸ். இரண்டாவது வெறும் இரைச்சல். மூன்றாவதில் அண்ணன் ஹீரோ மாதிரி பேசி ரிகர்சல் பார்த்துக்கொண்டிருந்தார், யாருக்காக என்று அவர் இன்னும் சொல்லவில்லை. நாலாவது திறக்கவேயில்லை.

ஐந்தாவது.

"இதுல என் குரலும் வருமாடா?"

அவ்வளவுதான். பெரியம்மா கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

2007-ல் ஏதோ ஒரு ராத்திரி, கரண்ட் கட், திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது எடுத்ததாம். தவளைச் சத்தம் கேட்கிறது. நடுவில் ஒரு குழந்தை அழுகிறது. அது நீதான் என்கிறார் அம்மா, எனக்கு நம்பிக்கையில்லை. ஆயா தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிக்கிறார். மூன்று நிமிஷம் நாற்பது நொடி. டெலிபோனுக்குச் செய்த சுருக்கம் என்பதால் குரல் ஒரு தகர டப்பாவுக்குள் இருந்து வருகிற மாதிரி இருக்கிறது. மேல் ஸ்தாயி போகும்போது உடைகிறது. பாட்டு முடிவதற்குள் பட்டென்று நின்றுவிடுகிறது. பேட்டரி தீர்ந்திருக்கும்.

ஆயா நடவு நட்டது பாரிவாக்கம் ஏரிப் பாசன நிலத்தில். இப்போது அங்கே கல் நட்டு, 'சிஎம்டிஏ அப்ரூவ்டு' போர்டு வைத்திருக்கிறார்கள். அந்தப் பாட்டைக் கூடச் சேர்ந்து பாடினவர்களில் இரண்டு பேர் இன்னும் தெருவில் இருக்கிறார்கள். நின்றுபோன இடத்துக்கு அப்புறம் என்ன வரும் என்று கேட்டால், ஆளுக்கொரு மாதிரி சொல்கிறார்கள்.

அந்த ஐம்பத்தேழு சினிமாப் பாட்டும் அழிந்திருந்தால் எனக்கு என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை. ஆப்பைத் திறந்தால் எல்லாமே இருக்கிறது. ஆனால் ஆப்பும் நிரந்தரம் கிடையாது. ஏர்டெல்லின் 'விங்க்' மியூசிக் 2014-ல் வந்தது, 2024-ல் மூடிவிட்டார்கள். அதில் பார்த்துப் பார்த்து டவுன்லோடு பண்ணி வைத்த லிஸ்ட் எல்லாம் கோவிந்தா. ஐபாடையும் 2022 மே மாதம் ஆப்பிள் நிறுத்திவிட்டது. ஆனால் ஏற்கெனவே யாரிடமாவது இருக்கும் ஐபாடில் உள்ள பாட்டு எங்கேயும் போகவில்லை.

இப்போது அந்த பிளேயர் என் கழுத்தில்தான் காலேஜ் போகிறது. பஸ்ஸில் பார்க்கிறவர்கள் ஹியரிங் எய்டு என்று நினைக்கிறார்களோ என்னவோ! நோட்டிஃபிகேஷன் கிடையாது, விளம்பரம் கிடையாது, 'உங்களுக்குப் பிடிக்கலாம்' கிடையாது. அறுபது பாட்டுதான் என்பதால் ஒன்றைக்கூடத் தாண்டிப் போகத் தோன்றுவதில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை. வால்யூம் அளவு காட்டும் எண்ணை நம்பாதீர்கள். உலக சுகாதார நிறுவனக் கணக்கில் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல்தான் எல்லை. பஸ் இரைச்சலை ஜெயிக்க நாம் வைக்கும் சத்தம் அதையெல்லாம் சுலபமாகத் தாண்டும். மெயின் ரோட்டைக் கடக்கும்போது நான் இரண்டு காதிலிருந்தும் கழற்றிவிடுகிறேன். அங்கே லாரிகளுக்கு நம் பிளேலிஸ்ட் பற்றிக் கவலையில்லை.

ஆயா பாட்டு லேப்டாப்பில் ஒன்று, அம்மா ஃபோனில் ஒன்று, அண்ணனிடம் ஒன்று என்று மூன்று காப்பி ஆகிவிட்டது. அதையே எம்பி3-யாக மாற்றிப் பழைய பிளேயரிலும் ஏற்றலாம் என்று பார்த்தேன். அழிந்துபோன மூன்று பாட்டுக்குப் பதில் என் இஷ்டத்துக்கு மூன்று ஏற்றி ஏற்கெனவே அறுபது ஆக்கிவிட்டேனே! ஒன்றை எடுத்தால்தான் ஆயா உள்ளே வரமுடியும்.

அண்ணனுக்கு லிஸ்ட் அனுப்பி, "எதைத் தூக்கட்டும்?" என்று கேட்டேன்.

"நீ ஏத்தின மூணுல ஒண்ணைத் தூக்கு."

"அண்ணா, அதெல்லாம் நல்ல பாட்டுண்ணா. உங்க லிஸ்ட்ல ஒரே பாட்டு ரெண்டு தடவை இருக்கு. பதினாலு, முப்பத்தொண்ணு. ஒண்ணை எடுத்துடவா?"

கொஞ்ச நேரம் பதிலே இல்லை.

"அது வேணும்னேதான் ரெண்டு தடவை போட்டேன் பாப்பா. உங்க அண்ணிகிட்ட சொல்லாத. சரி... முப்பத்தொண்ணை எடுத்துட்டு ஆயாவைப் போடு."