கண்டல் மரங்களிடையே கல்வாரி

கண்டிக்கு யாத்திரை செல்வோர் தலதா மாளிகையைத் தரிசித்து, வாவிக்கரையில் சற்றே உலாவி, பேராதனைப் பூங்காவையும் கண்டு திரும்பிவிடுவர். திரித்துவக் கல்லூரித் தேவாலயத்தைப் பார்த்துவந்தோர் நம்மவரில் சிலரே.

அங்குள்ள சுவரோவியங்களின் அருமையை உணர வேண்டுமாயின், முதலில் இங்கிலாந்துவரை போய்வருதல் நன்று. அங்கே ஜோன் மார்ட்டின் (1789–1854) என்னும் ஓவியர் வேதாகமக் காட்சிகளை உலோகத் தகட்டில் அமைத்து அச்சிட்டுப் பரப்பினார். தகடு முழுவதையும் முதலில் சொரசொரப்பாக்குவர். அப்படியே மையிட்டு அச்சிட்டால் தாள் முழுதும் ஒரே கருமை. பின்னர் வேண்டிய இடங்களைச் சுரண்டி மெருகிட, அங்கெல்லாம் ஒளி பிறக்கும். இருளிலிருந்து வெளிச்சத்தைத் தோண்டியெடுக்கும் வித்தை அது! 1828இல் அவர் அச்சிட்ட ஜலப்பிரளயக் காட்சியில் வெள்ளம் பொங்குகிறது. வானம் மின்னலால் பிளக்கிறது. மனிதரோ பாறைகளில் எறும்புக் கூட்டம்போல் ஒண்டிக் கிடக்கின்றனர். அவர்தம் முகங்களை உற்றுத் தேடவேண்டியிருக்கிறது.

கண்டியிலோ முகமே முதலில் தெரிகிறது. இவ்வோவியங்களைத் தீட்டிய டேவிட் பெயின்ரர் (1900–1975) ஆங்கிலத் தந்தைக்கும் சிங்களத் தாய்க்கும் பிறந்தவர். இதே கல்லூரியில் கற்று, இலண்டன் றோயல் அக்கடமியில் சித்திரம் பயின்றவர். செபதேயுவின் மனைவி தன் மைந்தருக்காக வரம் வேண்டுதல், சீடர் பாதங்களை இயேசு கழுவுதல், நல்ல சமாரியன், சிலுவைப்பாடு என நான்கு காட்சிகளை அவர் இங்கு வரைந்தார்.

இவற்றுள் 1933இல் முடிந்த சிலுவைப்பாடே நம்மை நெடுநேரம் நிறுத்திவைக்கிறது. பொன்னிறக் குழலும் தாடியும் கொண்ட இயேசுவை அச்சுப்படங்களிலே கண்டு பழகியோர் இங்கே திகைப்பர். சிலுவையில் தொங்குபவர் தாடியில்லாத, கருநிற மேனியினரான இளைஞர். பின்னணியில் எருசலேமின் கற்குன்று இல்லை. நம் நாட்டுக் கண்டற்காடு. கண்டல், உப்புநீர்ச் சேற்றில் வேர்விடும் கரையோர மரம். மலைநகரான கண்டியில் அது வளர்வதில்லை. குறிஞ்சியின் நடுவே நெய்தலைக் கொணர்ந்து வைத்த துணிவை என்னென்பது! மார்ட்டினிடம் இயற்கை மனிதனுக்குத் தீர்ப்பளித்து நிற்கிறது. இங்கோ மரங்கள், இறப்பவனருகில் வாய்பேசாது நிற்கும் உறவினர் போன்றன. அவன் நம் ஊரவன் என்பதை அம்மரங்களே சொல்லிவிடுகின்றன.

1935இல் அபிஷேகம் செய்யப்பெற்ற இத்தேவாலயம், கண்டி மன்னரின் மகுல் மடுவ அரச மண்டபத்தைப் பின்பற்றியது. சித்திரவேலை செறிந்த கற்றூண்கள் கூரையைத் தாங்க, பக்கங்கள் திறந்தே கிடக்கின்றன. ஓவியத்து மரங்களைப் பார்த்தவர் தலையைத் திருப்பினால் உண்மை மரங்களைக் காணலாம். கல்லூரி வளாகமாதலால் முன்கூட்டியே அனுமதி கேட்டுச் செல்வது நன்று.