திறக்காத சிப்பியும் ஒன்பதாம் எண் சட்டையும்

காயல்பட்டினத்தில் யுனைடெட் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் கோடைக் கால்பந்துப் போட்டிக்கு வெளியூர் அணி வந்து இறங்கியதும், மைதானத்தைச் சுற்றி நிற்பவர்கள் கேட்பது ஒன்றுதான்: "ஏலே, ஒம்போதாம் நம்பர் யாருல?" கோல்கீப்பரைப் பற்றி முதலில் விசாரித்த ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) சீசன் நெருங்கும்போது, அறுநூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சென்னையின் எஃப்.சி. பற்றியும் தூத்துக்குடிக் கரையில் இதே விசாரணைதான். பின்களம் எப்படியோ போகட்டும், கோல் அடிக்க ஆள் இருக்கிறதா?

கவலை வீணானதல்ல. சென்னையின் அணியின் பன்னிரண்டு ஆண்டுக் கதையே முன்களம் ஏறி இறங்கிய கதைதான்.

2015-இல் கோப்பை வந்தது. கொலம்பியாவின் ஸ்டீவன் மெண்டோசா 13 கோல் அடித்து அந்த சீசனின் முதலிடம் பிடித்தார். கோவாவில் நடந்த இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடத்து வெற்றி கோலும் அவருடையதே. 2017-18-இல் மறுபடி கோப்பை. ஜெஜெ லால்பெக்லுவா 9 கோல் அடித்திருந்தார். ஆனால் பெங்களூருவுக்கு எதிரான இறுதி ஆட்டத்தை வென்று கொடுத்தது மைல்சன் ஆல்வஸ் தலையால் முட்டிய இரண்டு கோல்கள். அவர் தடுப்பாட்டக்காரர்! கொண்டாட்டச் சத்தத்தில் அந்த எச்சரிக்கை யார் காதிலும் விழவில்லை. அடுத்த சீசனில் ஜெஜெ அடித்தது ஒரே ஒரு கோல். நடப்புச் சாம்பியன் 18 ஆட்டத்தில் இரண்டை மட்டும் வென்று பத்து அணிகளில் பத்தாவதாக முடித்தது.

இதைவிடக் கூர்மையான பாடம் 2019-20. முதல் நான்கு ஆட்டங்களில் சென்னையின் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. ஐந்தாவதில் ஹைதராபாத்துக்கு எதிராக, கூடுதல் நேரத்தில், லிதுவேனியாவின் நெரியஸ் வால்ஸ்கிஸ் அடித்த கோலால் தப்பித்தது. பயிற்சியாளர் ஜான் கிரகரி விலகினார், ஓவன் கோய்ல் வந்தார். அதே முன்கள வீரர்களை வைத்துக்கொண்டே அணி இறுதிவரை போனது. வால்ஸ்கிஸ் 15 கோலோடு தங்கக் காலணி வாங்கினார். சீசன் முடிந்ததும் கோய்லும் வால்ஸ்கிஸும் ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார்கள். 2020-21-இல் சென்னையின் 20 ஆட்டத்தில் அடித்தது மொத்தமே 17 கோல். 11 ஆட்டம் டிரா.

ஒரு ஆள் போனதற்கு இவ்வளவு விலையா என்று கேட்கலாம். போனது ஒரு ஆள் மட்டுமல்ல. முத்துக்குளித்தலை அறிந்த ஊர்க்காரருக்கு இது எளிதில் புரியும். கல்லைக் காலில் மாட்டி அடியில் இறங்கிச் சிப்பியை அள்ளுபவர் பெயர்தான் வெளியே தெரியும். படகில் கயிற்றைப் பிடித்து நின்று, அசைவு கண்டதும் சரியான நொடியில் இழுப்பவர் இல்லையென்றால் அவர் மேலே வருவது கஷ்டம். ஸ்ட்ரைக்கரும் அப்படித்தான். வால்ஸ்கிஸுக்குக் கயிறு பிடித்தவர் நடுக்களத்தில் இருந்த பிரேசில்காரர் ரஃபேல் கிரிவெல்லாரோ. அவர் 2020-21-இல் அணியில் இருந்தார். ஆனால் சீசனின் நடுவிலேயே காயப்பட்டு வெளியேறினார். இறங்குகிறவரும் இல்லை, இழுக்கிறவரும் இல்லை.

அடுத்த சிக்கல் ஆள் எடுக்கும் முறையில் இருக்கிறது. தூத்துக்குடியில் 1961-உடன் முடிந்துபோன சலாபங்களில், அதாவது முத்துக்குளிப்புப் பருவங்களில், சிப்பியை ஆயிரக் கணக்கில், திறக்காமலேயே ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கலாம், வெறும் சதையும் இருக்கலாம், வாங்கியவர் தலைவிதி. வெளிநாட்டு ஸ்ட்ரைக்கரை ஓராண்டு ஒப்பந்தத்தில் எடுப்பது ஏறக்குறைய இதே வியாபாரம். முந்தைய கிளப்பின் கோல் கணக்கும் வீடியோவும் கையில் இருக்கும். இந்த வெக்கையில், இந்தப் புல்தரையில், புதிய கூட்டாளிகளுடன் அவர் எப்படி ஆடுவார் என்பது சீசன் தொடங்கிய பிறகுதான் தெரியும். நன்றாக ஆடிவிட்டாலோ, வால்ஸ்கிஸைப் போல இன்னொருவர் கூடுதல் விலை கொடுத்துக் கொண்டுபோய்விடுவார். கோவையைத் தளமாகக் கொண்ட சென்னை சிட்டியும் இதைப் பட்டு அறிந்தது. பெட்ரோ மான்சியின் 21 கோல்களால் 2018-19 ஐ-லீக்கை வென்றது. அடுத்த சீசன் பாதியில் மான்சி ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டாவுக்குக் கிளம்பிவிட்டார்.

சரி, நம் ஆளையே நிறுத்தினால் என்ன? களத்தில் ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டவர்தான் ஆடலாம் என்ற விதி 2021-22 முதல் இருக்கிறது. பயிற்சியாளர்கள் அந்த நால்வரை எங்கே வைக்கிறார்கள் என்று பாருங்கள்: தடுப்பின் நடுவில், நடுக்களத்தில், கோலுக்கு நேராக. அணியின் முதுகெலும்பு அவர்களுக்கு, ஓரங்கள் இந்தியர்களுக்கு. இதனால் நம்மிடம் வேகமான விங்கர்கள் குவிகிறார்கள். குமரி மாவட்டத்து இரவிபுத்தன்துறையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜும் இடது ஓரத்துக்காரர்தான். சிவகங்கை மாவட்டம் கண்டனூரின் சிவசக்தி நாராயணன், பெங்களூரு அணியின் முன்களத்தில் இடம்பிடித்து 2022-23-இன் சிறந்த இளம் வீரர் விருது வாங்கியது விதிவிலக்கு. 2024-25-இல் இந்தியர்களில் அதிக கோல் அடித்தவர் யார்? நாற்பது வயது சுனில் சேத்ரி, 14 கோல். அவர் நிகழ்த்தியது சாதனை. மற்றவர்களுக்கு அது குற்றப்பத்திரிகை என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பாதிப்பு தேசிய அணிவரை போகிறது. 2027 ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றின் முதல் ஐந்து ஆட்டங்களில் இந்தியா அடித்தது இரண்டே கோல். இரண்டும் சிங்கப்பூருக்கு எதிராக. அடித்தவர்கள் ரஹீம் அலி, லாலியன்சுவாலா சாங்தே. இருவருமே முன்பு சென்னையின் சட்டை போட்டவர்கள்.

ஆகவே சீசனுக்கு முந்தைய நட்பு ஆட்டங்களில் எதைக் கவனிப்பது? கோல் எண்ணிக்கையை விட்டுவிடலாம். பலவீனமான எதிரணிக்கு எதிராக ஐந்து கோல் அடிப்பது எதையும் சொல்லாது. அந்தக் காலத்தில் சலாபம் அறிவிக்கும் முன், சிப்பி விளையும் கடலடிப் பாரில் மாதிரிச் சிப்பி எடுத்து, அழுகவிட்டுக் கழுவி, கிடைக்கும் முத்தை மதிப்பிட்ட பிறகே தேதி குறிப்பார்கள். அப்படிப் பார்க்க வேண்டியவை சில. ஸ்ட்ரைக்கருக்குப் பந்து பாக்ஸுக்குள் வந்து சேர்கிறதா, அல்லது பாதி மைதானம் இறங்கிவந்து அவரே வாங்குகிறாரா? விங்கர் தலைதூக்கிப் பார்த்துக் கிராஸ் போடுகிறாரா, கண்ணை மூடிக்கொண்டு தூக்கி அடிக்கிறாரா? பந்தை இழந்ததும் முன்களத்தில் எத்தனை பேர் துரத்துகிறார்கள்? முதல் ஆள் உட்கார்ந்தால் பெஞ்சிலிருந்து எழுபவர் யார்?

கடைசிக் கேள்விக்கு இப்போது எடை கூடியிருக்கிறது. 2024-25-இல் 13 அணிகளில் பதினொன்றாவதாக முடித்த சென்னையின், இடையில் திரும்பி வந்திருந்த கோய்லை இழந்து கிளிஃபோர்ட் மிராண்டாவிடம் பொறுப்பைக் கொடுத்தது. 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். நிறுத்திவைக்கப்பட்டது, அணிக்கு ஆள் சேர்க்கும் வேலையும் குழம்பியது. பிறகு 2026 ஜனவரியில் வந்த அறிவிப்பு: பிப்ரவரி 14-இல் தொடக்கம், 14 அணிகள், ஒவ்வோர் அணியும் மற்றதுடன் ஒரே முறை மோதும். ஆளுக்கு 13 ஆட்டம். 2019-இல் முதல் நான்கு ஆட்டங்களில் கோல் இல்லாமல் தவித்தபோது எழுந்து நிற்க இன்னும் 14 ஆட்டங்கள் மிச்சம் இருந்தன. 13 ஆட்ட சீசனில் ஒன்பதுதான்.