நாடித் துடிப்பையும் கணக்குப் பார்ப்போம்

காலை ஆறு மணிக்குக் கடை திறந்தால் இரவு பத்து மணிக்குத்தான் பூட்டுகிறோம். இடையில் நாலைந்து டீ, இரண்டு வடை. மதியச் சாப்பாடு மூன்று மணிக்கோ நான்கு மணிக்கோ. இருப்பு, பற்று வரவு எல்லாம் சரி பார்க்கும் நாம், நமது நாடித் துடிப்பை என்றாவது எண்ணிப் பார்த்ததுண்டா?

ஓய்வாக இருக்கும்போது இதயம் நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை சீராகத் துடிக்க வேண்டும். இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றிப் படபடத்து, துடிப்பு தாறுமாறாவதை 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்கிறார்கள் மருத்துவர்கள். பலருக்கு இது இருப்பதே தெரியாது. மேலறையில் தேங்கும் இரத்தம் உறைந்து மூளைக்குச் சென்றால் பக்கவாதம். இக்கோளாறு உள்ளவர்களுக்கு அந்த அபாயம் சுமார் ஐந்து மடங்கு அதிகம்.

இதற்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம்? நமது குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. நாம் உண்பதே அவற்றுக்கும் உணவு. பயறு, முழுத் தானியம், காய்கறிகளின் நார்ச்சத்து நமக்குச் செரிப்பதில்லை. குடல் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைத்து, குடற்சுவரைக் காக்கும் சில அமிலங்களைத் தருகின்றன. ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி, முட்டையில் உள்ள சில சத்துகளிலிருந்தோ அவை வேறொரு பொருளை உண்டாக்குகின்றன. கல்லீரல் அதை டி.எம்.ஏ.ஓ. என்பதாக மாற்றுகிறது. இரத்தத்தில் இது கூடுவதற்கும் இதய நோய்க்கும் தொடர்பு உண்டென்று அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக் ஆய்வாளர்கள் 2011-ல் எடுத்துக் காட்டினர்.

பின்லாந்தில் 2002-ல் ஆயிரக்கணக்கானோரின் மல மாதிரிகளைச் சேகரித்து, சுமார் 15 ஆண்டுகள் அவர்களைக் கவனித்து வந்தனர். பின்னாளில் துடிப்புக் கோளாறு வந்தவர்களின் குடலில் சில வகை பாக்டீரியாக்களின் அளவு முன்பே மாறுபட்டிருந்தது தெரிய வந்தது.

ஆனால் இது தொடர்பு மட்டுமே. பாக்டீரியாவே காரணம் என்று இன்னும் நிரூபணமாகவில்லை. வயது, இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், உடல் பருமன், மது ஆகியவையே உறுதியாகத் தெரிந்த காரணங்கள். ஆகவே, எந்தப் பண்டத்தையும் 'இதயத்துக்கு மருந்து' என்று சொல்லி விற்பது நமக்கு அழகல்ல.

நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதற்காக நாம் எங்கும் அலைய வேண்டியதில்லை. கொண்டைக்கடலை, பாசிப்பயறு, கம்பு, கேழ்வரகு எல்லாம் நம் கடை மூட்டைகளிலேயே இருக்கின்றன. ஊருக்கு நிறுத்துப் போடுகிறோம். நாம் மட்டும் வடை தின்கிறோம். மாலையில் ஒரு கிண்ணம் சுண்டல் என்று மாற்றினால் செலவும் குறைவு. ஏற்கெனவே இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவோர், கீரையைத் திடீரென்று கூட்டுமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும். மாத்திரையைத் தாமாக நிறுத்தவே கூடாது.

இன்றிரவு கடை பூட்டியதும் ஐந்து நிமிடம் அமைதியாக உட்காருங்கள். மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக இரண்டு விரல்களை வைத்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். துடிப்பு விட்டு விட்டு, ஒழுங்கில்லாமல் வந்தால் தாமதிக்காமல் ஈ.சி.ஜி. எடுத்துப் பாருங்கள். கடையை ஒருநாள் அடைத்தால் வாடிக்கையாளர் மறுநாள் வருவார். கடைக்காரரே படுத்துவிட்டால் கல்லாவைப் பார்ப்பது யார்?