உமி மூட்டையும் குளிர்கோட்டும்

தமிழ்நாட்டில் கோட்டு என்றால் முதலில் வக்கீல் ஞாபகம் வரும். இல்லையென்றால் கல்யாண வரவேற்பில் வேர்த்து விறுவிறுத்து நிற்கும் மாப்பிள்ளை. ஜாக்கெட் என்றாலோ ரவிக்கை. மார்கழிக் காலையில் ஒரு ஸ்வெட்டர், கழுத்துக்கு மப்ளர், காதை மூட ஒரு குரங்குக் குல்லா. நமக்கும் குளிருக்கும் உள்ள உறவு அத்தோடு சரி. அதனால்தான் குளிர்நாட்டுக்குப் பெட்டி கட்டும் நம் வீட்டுப் பிள்ளைகள் கோட்டு விஷயத்தில் திணறிப் போகிறார்கள்.

என் அக்கா மகள் மேல்படிப்புக்கு டொரன்டோ கிளம்பும்போது ஆறு படங்களை அனுப்பி, "மாமா, எல்லாமே அழகா இருக்கு. எனக்கு எது எடுக்கும்னு சொல்லுங்க" என்றாள். ஒன்று இடுப்பில் பெல்ட் கட்டிய நீளக் கோட்டு. ஒன்றில் பொத்தானுக்குப் பதில் மரக் கட்டைகள். ஒன்று சுருட்டிய மெத்தையைப் போல உப்பியிருந்தது. "அழகு கிடக்கட்டும்மா. தினமும் பஸ்ஸுக்கு எவ்வளவு நேரம் நிக்கணும்?" என்று கேட்டேன். அவள் அதை யோசித்திருக்கவில்லை. கோட்டு தேடுபவர் முதலில் யோசிக்க வேண்டியது அதைத்தான். ஏனென்றால் இன்று கடையில் 'ஸ்டைல்' என்று விற்கப்படும் ஒவ்வொரு கோட்டும் யாரோ ஒருவருடைய வேலைக்காக, ஏதோ ஒரு குளிருக்காகத் தைக்கப்பட்டது.

கோட்டு சூடு தராது

ஐஸ் கட்டியை உமியிலோ மரத்தூளிலோ புதைத்து, மேலே சாக்கு போட்டு வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உமி ஐஸைக் குளிரவைப்பதில்லை. வெளியே இருக்கும் வெயிலை உள்ளே விடாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். கோட்டு செய்வதும் அதே வேலை, திசை மட்டும் மாறுகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. பழைய குண்டு பல்பு ஒன்று எரிவதற்குச் சமம். அந்தச் சூடு ஓடிவிடாமல் பிடித்து வைப்பதுதான் கோட்டின் பணி.

பிடித்து வைப்பது எது? துணியல்ல, காற்று. அசையாமல் நிற்கும் காற்று வெப்பத்தை மிக மெதுவாகத்தான் கடத்தும். உமிக்கு இடையிலும் கம்பளி இழைகளின் சுருளுக்குள்ளும் பறவையின் மென்தூவிக்குள்ளும் சிறைப்பட்டிருப்பது அந்தக் காற்றுதான். தண்ணீர் அதைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்திவிடும். அதனால் நனைந்த உடுப்பு குளிர்நாட்டில் எதிரி. நமக்குப் பிரியமான திருப்பூர்ப் பருத்தி பனியன் இங்கேதான் காலை வாரும். வேகமாக நடந்தால் வேர்க்கும், பருத்தி அந்த வேர்வையைக் குடித்து ஈரத்தை உடம்போடு ஒட்டிவைக்கும், நின்றதும் நடுக்கம் எடுக்கும். உள்ளே மெல்லிய கம்பளியோ பாலியெஸ்டரோ போடச் சொல்வது இதனால்தான்.

அடுத்த எதிரி காற்றடிப்பு. உடம்பை ஒட்டி நாம் சூடாக்கி வைத்திருக்கும் மெல்லிய காற்றுப் படலத்தை அது உரித்துக்கொண்டு போய்விடுகிறது. மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், வெளியே தெரியும் முகத்துக்கு அது மைனஸ் 20 போல உறைக்கும். கனடாவும் அமெரிக்காவும் 2001 முதல் பயன்படுத்தும் கணக்கு இது. ஆக, நல்ல கோட்டுக்கு வேலை மூன்று: காற்றை உள்ளே பிடித்து வைப்பது, வெளிக்காற்றைத் தடுப்பது, வேர்வை ஆவியை வெளியே விடுவது. மூன்றையும் ஒரே அளவில் செய்யும் கோட்டு கிடையாது. எதை அதிகம் செய்கிறது என்பதில்தான் வகைகள் பிரிகின்றன.

கடலும் பதுங்குகுழியும்

மரக் கட்டை வைத்த அந்தக் கோட்டின் பெயர் டஃபிள். பெல்ஜியத்தில் ஆண்ட்வெர்ப் பக்கத்தில் உள்ள டஃபெல் என்ற ஊரின் முரட்டுக் கம்பளித் துணியிலிருந்து வந்த பெயர். பிரிட்டிஷ் கடற்படையினர் இதை அணிந்து கப்பல் தளத்தில் காவல் நின்றார்கள். உறைபனியில் கையுறையைக் கழற்றிச் சிறு பொத்தானைத் தேட முடியாது. கயிற்று வளையத்துக்குள் கட்டையை நுழைப்பதற்குக் கையுறையோடு இருக்கும் விரலே போதும். தலைமறைப்பு அவ்வளவு பெரிதாக இருப்பதும் தொப்பிக்கு மேலே இழுத்துக்கொள்வதற்குத்தான். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ஜெனரல் மான்ட்கோமரி இதைப் போட்டுத் திரிந்ததில் ஊரறிந்த உடையானது.

இடுப்புக்குச் சற்றுக் கீழே நின்றுவிடும் பீ கோட்டும் மாலுமிகளுடையது. முரட்டுக் கம்பளியைக் குறிக்கும் 'பெய்' என்ற டச்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர் என்பார்கள். மார்பின் மேல் ஒரு பக்கம் மற்றதன் மேல் ஏறி இரண்டு வரிசைப் பொத்தான் போடுவதால், காற்று நேரே பாயும் இடத்தில் துணி இரட்டையாகிறது. நீளம் குறைவாக இருப்பது கயிற்றேணி ஏற வசதி. துணி பெரும்பாலும் மெல்ட்டன்: நெய்த பிறகு கம்பளியை ஈரத்திலும் சூட்டிலும் அடித்துத் துவைத்துச் சுருங்கவைப்பார்கள். இழைகள் பின்னிக்கொண்டு நெசவுக் கண்ணே தெரியாத அளவு அடர்ந்துவிடும். கம்பளிக்கு இன்னொரு குணம் உண்டு. தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளிழுத்துக்கொண்டாலும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது.

பெல்ட் கட்டிய நீளக் கோட்டு டிரெஞ்ச். டிரெஞ்ச் என்றால் பதுங்குகுழி. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் அதிகாரிகள் சேற்றுக் குழிகளில் அணிந்தது. தாமஸ் பர்பெரி 1879இல் உருவாக்கிய கபர்டீன் என்ற துணிதான் இதற்கு அடித்தளம். நூலுக்கே நீர் ஒட்டாத பதம் ஏற்றிவிட்டு, அதன் பிறகு நெருக்கமாக நெய்தார். தோள்பட்டையில் இன்றும் இருக்கும் பட்டி பதவிச் சின்னம் குத்துவதற்கு இருந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: இது மழைக்கும் காற்றுக்குமான கோட்டு, உள்ளே காற்றைப் பிடித்து வைக்க ஒன்றும் கிடையாது. ஜனவரியிலும் பகலில் 8 டிகிரியை எட்டும் லண்டனுக்கு, ஒரு ஸ்வெட்டரோடு சேர்த்தால் போதும். சராசரியே மைனஸ் 16ஐ ஒட்டி நிற்கும் வின்னிபெக்கில் இதைப் போட்டுக்கொண்டு வெளியே நின்றால் அழகாக உறைந்துபோகலாம்.

மெத்தைக் கோட்டு

உப்பிய கோட்டுக்கு உள்ளே இருப்பது இறகு என்று பலர் நினைக்கிறார்கள். அது தூவி. வாத்தின் நெஞ்சுப் பகுதியில் மேலிறகுக்கு அடியில் இருக்கும் மென்மயிர். பழுதுபட்ட தையல் வழியே வெளியே வந்த ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். நடுத்தண்டு கிடையாது. ஒரு புள்ளியிலிருந்து எல்லாத் திசையிலும் இழைகள் பிரிந்து, எருக்கங்காய் வெடித்துப் பறக்கும் பஞ்சைப் போல இருந்தது. விரலால் நசுக்கினேன், இல்லாமலே போனது. விரலை எடுத்தேன், மெல்ல மெல்லப் பழையபடி விரிந்தது. அந்த விரிவுதான் அதன் விலை.

தூவியின் அருமை நம்மவர்களுக்கும் புதிதல்ல. வாடைக் காற்று வீசும் கூதிர் காலத்தைப் பாடும் நெடுநல்வாடை, அரசியின் படுக்கையில் அன்னத்தின் தூவி இட்டிருந்ததைச் சொல்கிறது. அதை உடம்பில் அணிந்துகொண்டு மலையேறிய கதை 1922இல் நடந்தது. ஆஸ்திரேலியாவில் பிறந்த வேதியியலாளர் ஜார்ஜ் ஃபின்ச், பலூன் துணியில் ஈடர் வாத்தின் தூவியை அடைத்துத் தைத்த கோட்டோடு எவரெஸ்ட்டுக்கு வந்தார். கம்பளியும் ட்வீடும் அணிந்து வந்த சக வீரர்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. மேலே போகப் போகச் சிரிப்பு நின்றது. அந்தப் பயணத்தில் ஃபின்ச் 8,300 மீட்டரைத் தாண்டினார். இதே ஃபின்ச் பிற்காலத்தில், 1950களில், புனேயில் உள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்துக்கு இயக்குநராக இருந்தவர்.

சியாட்டிலைச் சேர்ந்த எடி பாயர் கதை வேறு. 1930களின் நடுவில் மீன்பிடிக்கப் போன இடத்தில் நனைந்த கம்பளிக் கோட்டோடு குளிரில் சாகப் பார்த்தார். திரும்பி வந்து தூவி அடைத்த கோட்டைத் தைத்தார். 1940இல் காப்புரிமை பெற்றார். அதன் குறுக்குத் தையல்கள் அலங்காரம் அல்ல. இலவம் பஞ்சு மெத்தையில் ஆங்காங்கே முடிச்சுப் போடாவிட்டால் பஞ்சு ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும் அல்லவா, அதே காரணம். தையல் ஓடும் வரியில் மட்டும் தூவி இருக்காது, அங்கே குளிர் கசியும். ஆகவே குறுகிய கட்டங்கள் கொண்ட கோட்டு பார்க்க ஒல்லியாக இருக்கும், குளிரையும் கொஞ்சம் கூடுதலாக விடும்.

கோட்டின் சீட்டில் 600, 700, 800 என்று ஓர் எண் இருக்கும். ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம் தூவி எத்தனை கன அங்குலம் இடத்தை நிரப்பும் என்பதே அந்த எண். எண் கூடினால் எடை குறையும். ஆனால் எண்ணை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். 800 தூவி ஒரு கைப்பிடி போட்ட கோட்டைவிட, 600 தூவியைத் தாராளமாக அடைத்த கோட்டு நன்றாகவே சூடு காக்கும். தூவிக்கு ஒரே பலவீனம் ஈரம். நனைந்தால் கோழிக்குஞ்சு போல ஒடுங்கிவிடும். மழையும் பனியும் மாறி மாறி வரும் ஊருக்கு, நனைந்தாலும் உப்பலை அவ்வளவாக இழக்காத செயற்கை இழை மேல். அமெரிக்க ராணுவத்துக்காக 1980களில் தூவிக்கு மாற்றாக உருவாக்கப்பட்ட பிரைமாலாஃப்ட் அந்த வகை.

ஆசான்கள்

இவை எல்லாவற்றுக்கும் முன்பே குளிர்கோட்டின் இலக்கணத்தை எழுதி முடித்தவர்கள் ஆர்க்டிக்கின் இன்யூட் மக்கள். அனோராக் என்ற சொல்லே கிரீன்லாந்தில் அவர்கள் பேசும் மொழியிலிருந்து வந்தது. கரிபூ மானின் தோலை இரண்டு அடுக்காக அணிவார்கள். உள்கோட்டின் மயிர் உடம்பைப் பார்த்திருக்கும், வெளிக்கோட்டின் மயிர் வெளியே பார்த்திருக்கும். கரிபூவின் மயிருக்கு உள்ளேயே காற்றறைகள் உண்டு. முன்பக்கம் திறப்பே கிடையாது, தலை வழியாகத்தான் போட வேண்டும். வேர்த்தால் தலைமறைப்பைப் பின்னுக்குத் தள்ளினால் போதும், சூடு மேலே போய்விடும். தாய்மார் அணியும் அமௌட்டியில் முதுகுப் பக்கம் குழந்தைக்கே ஒரு பை. தலைமறைப்பின் விளிம்பில் ஓநாய் மயிர் வைப்பது முகத்தைச் சுற்றிக் காற்றைத் தேக்கிவைக்க. மூச்சுக்காற்று அதில் பனியாகப் படிந்தாலும் தட்டினால் உதிர்ந்துவிடும். இன்று பெருநகரத் தெருக்களில் பார்க்கும் தலைமறைப்பில் ரோமம் வைத்த பார்க்கா கோட்டுக்கு இதுதான் மூலம்.

சரி, உங்களுக்கு எது?

யாருக்கு எந்த உடை எடுக்கும் என்று சொல்வதற்கென்றே அமெரிக்காவில் புத்தகங்கள் வந்தன. கரோல் ஜாக்சன் 1980இல் தோல், முடி நிறத்தை வைத்து மனிதர்களை நான்கு பருவங்களாகப் பிரித்தார். டேவிட் கிப்பி 1987இல் உடலமைப்பை வைத்து வகை பிரித்தார். படிக்கச் சுவையானவைதான். ஆனால் உங்கள் அன்றாடமே அதைவிடத் தெளிவாக வகை பிரித்துவிடும்.

மடிப்புக் கலையாத சட்டை, இஸ்திரி போட்ட பேன்ட் என்று அலுவலகம் போகிறவரா? முழங்கால் வரை வரும் நேர்வெட்டுக் கம்பளிக் கோட்டு உங்களுக்கு. குளிர் மைனஸ் 10க்குக் கீழே போகும் நாட்களுக்கு, உள்ளே ஒரு மெல்லிய தூவி ஜாக்கெட் அடங்கும்படி ஒரு சுற்று பெரிதாக வாங்குங்கள். ஜீன்ஸும் முதுகுப்பையுமாக அலைகிற மாணவருக்கு டஃபிளோ பார்க்காவோ. காரிலேயே போய் வருகிறவருக்கு நீளக் கோட்டு தொல்லை, பீ கோட்டு போதும். குழந்தையைக் கார் இருக்கையில் வைக்கும்போது மட்டும் உப்பிய கோட்டைக் கழற்றிவிடுங்கள். அதன் மேல் மாட்டிய பெல்ட் தொளதொளத்துவிடும், விபத்தில் காப்பாற்றாது. மழை ஊரில் மிடுக்காக இருக்க ஆசைப்படுகிறவருக்கு டிரெஞ்ச். பஸ் நிறுத்தத்தில் கால் மணி நேரம் நிற்பவருக்குத் தொடை பாதி வரை இறங்கும் மெத்தைக் கோட்டு. பக்கத்துப் பெண் எதைப் போட்டிருந்தாலும் சரி.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. குளிர்நாட்டில் கருப்பு அழுக்குத் தாங்கும் என்று எல்லாரும் கருப்பே வாங்குகிறார்கள். டொரன்டோவில் டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் விழுந்துவிடும். கருப்புக் கோட்டில் தெருவைக் கடப்பவர் ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியமாட்டார். நம் மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் அரக்கும் மஞ்சளும் மயில் நீலமும் எடுப்பதைப் பட்டுக்கடையில் தெரிந்துவைத்திருக்கும் நாம், கோட்டுக் கடையில் மட்டும் ஏன் மறக்க வேண்டும்?

என் அக்கா மகளிடம் உள்ளாடையும் ஸ்வெட்டரும் இங்கேயே வாங்கிக்கொள், கோட்டை மட்டும் அங்கே போய் வாங்கு என்றேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். கடைக்குப் போகும்போது தடித்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, கையுறையையும் எடுத்துப் போங்கள். கோட்டை அணிந்து இரண்டு கைகளையும் முன்னால் நீட்டுங்கள். முதுகு பிடிக்கக் கூடாது, மணிக்கட்டு வெளியே தெரியக் கூடாது. கையுறையோடு ஜிப்பைக் கழுத்து வரை இழுத்துப் பாருங்கள். பிறகு ஒரு நாற்காலியில் உட்காருங்கள். மூன்றிலும் தேறிய கோட்டை மட்டும் கண்ணாடி முன் கொண்டுபோய், நிறம் எடுக்கிறதா என்று பாருங்கள்.