லாடி குவாலியின் பானைகள்

பயிற்சிக்கு வந்ததும் "எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றுதான் பல உறுப்பினர்கள் ஆரம்பிக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் நைஜீரியாவின் லாடி குவாலியைப் பற்றிச் சொல்ல ஆசைப்படுகிறோம்.

அவர் பிறந்த குவாலி கிராமத்தில் பானை செய்வது பெண்கள் தொழில். சின்ன வயதிலேயே சொந்தத்தில் ஒரு பெரியவரிடம் கற்றுக்கொண்டார். சக்கரமெல்லாம் கிடையாது. மண்ணைத் திரி திரியாக உருட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பானையைச் சுற்றி நடந்து நடந்தே வளர்ப்பார். ஈரம் காயுமுன் பல்லி, பாம்பு, தேள், முதலை என்று கீறி வரைவார். பிறகு திறந்த வெளியில் புல்லும் விறகும் போட்டுச் சுடுவார்கள்.

1954-ல், அபுஜாவில் (இன்றைய சுலேஜா) மைக்கேல் கார்டியூ என்ற ஆங்கிலேயர் நடத்திய மண்பாண்டப் பயிற்சி மையத்தில் முதல் பெண்ணாகச் சேர்ந்தார். சக்கரம், கண்ணாடிப் பூச்சு, சூளை எல்லாம் அங்கே கற்றார். ஆனாலும் பெரிய ஜாடிகளைக் கையாலேதான் செய்தார். அதே பல்லி, அதே தேள்! கீறிய கோடுகளில் வெள்ளை மண்குழம்பை நிரப்பி, மேலே பூச்சு கொடுத்தார். அந்த உருவமும் கோலமும் ஊரிலேயே கைக்கு வந்தவை.

ஒண்ணு கவனிங்க. ஊர்ப் பானையில் நீர் கசியும். அதனால்தான் தண்ணி குளிரும். பூச்சு போட்டு அதிகச் சூட்டில் சுட்டது கசியாது, குளிரவும் குளிராது. வீட்டுப் பாண்டம், லண்டன் கண்காட்சிக்குப் போகும் கலைப்பொருள் ஆயிற்று. லாபமா, நஷ்டமா? எங்களுக்கு ரெண்டும்தான் என்று தோணுது.

அவர் 1984-ல் மறைந்தார். நைஜீரியாவின் 20 நைரா நோட்டின் பின்பக்கத்தில் இருப்பது அவர் படம்தான், பானையோடு.