ஜெராய் மலையடியில் உளி பட்ட கல்

வாசகர்களே, மழை விட்டு வானம் வெளுத்த நாளில் பாடாங் செராய்ப் பக்கம் நின்று வடக்கே பாருங்கள். குனோங் ஜெராய் தெரியும். அதன் தெற்கு அடிவாரத்தில், மெர்போக்கில், புக்கிட் பத்து பாஹாட் என்றொரு குன்று. பாஹாட் என்றால் மலாயில் உளி. உளியால் செதுக்கிய கல் இருக்கும் குன்று என்று பொருள்.

பெயர் பொய்யில்லை. கருங்கல்லை உடைத்து, செதுக்கி, அடுக்கிக் கட்டிய பழங்கோயிலின் அடித்தளம் அங்கே இருக்கிறது. விமானம், முன்னே மண்டபம் என்று நம்மவருக்குப் பழகிய அமைப்புதான். மேலே மரக்கூரை இருந்திருக்க வேண்டும். தூண் நின்ற குழிகளைக் கல்லிலேயே காணலாம். அம்மி கொத்துகிறவரைப் பார்த்தவர்களுக்குக் கருங்கல்லின் பிடிவாதத்தைச் சொல்ல வேண்டுமா என்ன!

1936-37இல் குவாரிச் வேல்ஸ் தம்பதியர் இதைத் தோண்டிக் கண்டனர். 1960 வாக்கில் அலாஸ்டர் லேம்ப் இருந்த இடத்திலேயே சீரமைத்தார். இராஜேந்திர சோழன் கட்டியது என்பாரும் உண்டு. 1025இல் அவன் படை கடாரத்தைத் தாக்கியது மெய். இந்தக் கோயிலை அவனோடு சேர்க்கும் கல்வெட்டு மட்டும் கிடைக்கவில்லை.

இத்தகைய பழங்கோயில்களை இங்கே 'சண்டி' என்பார்கள். இதே பூஜாங் பள்ளத்தாக்கில் 11ஆம் எண் சண்டி, 2013இல், வீடு கட்ட நிலம் திருத்தியபோது இடிபட்டுப் போயிற்று. ஆகவே அந்தப் பக்கத்து ஆற்றோரம் செதுக்கிய கல் கண்ணில் பட்டால், துவைகல்லுக்கு ஆகுமென்று தூக்கி வந்துவிடாதீர்கள். மெர்போக் அருங்காட்சியகத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.